உளவியல் படிக்க ஆசையா? சேர்வதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை

உளவியல் படிக்க வேண்டும் என்று வரும் மாணவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். "நண்பர்கள் எல்லாரும் தங்கள் கஷ்டத்தை என்னிடம்தான் சொல்லி அழுவார்கள்." "குற்றவாளிகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை." மூன்றாவதைச் சொல்லச் சற்றுத் தயங்குவார்கள்: "எனக்கே சில சிக்கல்கள் உண்டு, அவற்றைப் புரிந்துகொள்ளத்தான்." மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் முதலாண்டில் புள்ளியியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இவற்றில் எதுவும் கைகொடுக்காது.

இந்தத் துறைக்குள் வந்து பாதியில் சலித்துப் போகிறவர்களுக்கு மனித மனதின் மீதான ஆர்வம் வற்றிவிடுவதில்லை. அளப்பது, எண்ணுவது, சந்தேகப்படுவது, அறிக்கை எழுதுவது என்ற அன்றாட வேலைதான் அவர்களுக்கு ஒத்துவருவதில்லை. எனவே விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் அந்த வேலையை வீட்டிலேயே கொஞ்சம் செய்து பாருங்கள். பிடித்திருந்தால், எந்தக் கிளை, எந்தப் படிப்பு என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

முதல் படி: இது என்ன துறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எப்படிச் சிந்திக்கிறார்கள், எதை உணர்கிறார்கள், எதை மறக்கிறார்கள் என்பதைச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதுதான் உளவியல். சான்றுகளைக் கொண்டு என்ற பகுதியைத்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள்.

மனதைப் பற்றித் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகளாகப் பேசிவந்தார்கள். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஓர் ஆய்வகம் அமைத்தார். உளவியல் தனித் துறையாகத் தொடங்கிய ஆண்டாக வழக்கமாகச் சொல்லப்படுவது அதுதான். அங்கே என்ன செய்தார்கள்? ஓர் ஒலியையோ ஒளியையோ கொடுத்து, எதிரில் இருப்பவர் அதற்கு எவ்வளவு விரைவில் எதிர்வினை காட்டுகிறார் என்று நொடியின் சிறு பின்னங்களில் அளந்தார்கள். கேட்கச் சப்பென்று இருக்கிறது, இல்லையா? 1885இல் ஹெர்மான் எபிங்ஹாஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. நினைவாற்றலை ஆராய அவர் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் அவரேதான். பொருளில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தார். சில நிமிடங்கள், சில மணி நேரம், சில நாட்கள் என்று இடைவெளி விட்டு, அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று குறித்துவந்தார். படித்த சிறிது நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது, பிறகு மறதியின் வேகம் தணிகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஒரு மனிதர், ஒரு பட்டியல், ஒரு கடிகாரம், ஏராளமான பிடிவாதம். இந்தக் கதை உங்களுக்கு ருசித்தால் அது நல்ல அறிகுறி.

ஃபிராய்டைப் பற்றி ஒரு வார்த்தை. உளவியல் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்கு அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். அவர் அடிப்படையில் நரம்பியல் மருத்துவர். சிகிச்சை வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் இன்றைய பட்டப்படிப்பில் அவர் சில வகுப்புகளில் வந்துபோவார், அவ்வளவுதான். கனவுகளுக்குப் பலன் தெரிந்துகொள்ளும் எண்ணத்தோடு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

இரண்டாம் படி: ஒரு பரிசோதனையைக் கையால் செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட பரிசோதனை இது. ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டு தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தாளில் சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு ஆகிய நிறங்களில் முப்பது சிறு கட்டங்களை வரிசை கலைத்து வரையுங்கள். வெள்ளைத் தாளில் மஞ்சள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டாம் தாளில் அதே நான்கு நிறங்களின் பெயர்களை முப்பது முறை எழுத வேண்டும். ஆனால் எந்தச் சொல்லும் அதற்குரிய நிறத்தில் இருக்கக்கூடாது. ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையிலும், ‘பச்சை’ என்ற சொல்லைச் சிவப்பு மையிலும் எழுதுங்கள். இப்போது ஒருவரை உட்காரவைத்து, இரண்டு தாள்களிலும் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். எழுதியிருக்கும் சொல்லைப் படிக்கக்கூடாது. செல்பேசியில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தாளில் நாக்கு தடுமாறும். ஸ்ட்ரூப் செய்தபோது நூறு கட்டங்களின் நிறத்தைச் சொல்ல மாணவர்களுக்குச் சராசரியாக 63 நொடிகள் ஆயின. முரண்பட்ட சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110 நொடிகள் ஆயின. படிக்கத் தெரிந்தவரால் படிக்காமல் இருக்க முடிவதில்லை, அதுதான் காரணம்.

இதுவரை விளையாட்டு. உளவியல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எல்லாருக்கும் முதல் தாளை முதலில் கொடுத்திருந்தால், இரண்டாம் தாளுக்கு வரும்போது அவர்கள் களைத்திருக்கலாம், அல்லது பழகித் தேறியிருக்கலாம். வேறுபாடு தாளால் வந்ததா, வரிசையால் வந்ததா? பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தால்தான் தெரியும். உங்கள் தம்பி தவறாகச் சொல்லிவிட்டுத் திருத்திக்கொண்டால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா? அதை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், உங்களுக்குப் பிடித்த விடை வரும் வகையில் கை தானாகவே வளையும். பங்கேற்றவருக்கு நிறக்குருடு இருந்தால்? எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் சிறு பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் குறையுமா? தமிழே தெரியாத ஒருவருக்கு அதே தாளைக் கொடுத்தால்? தன்னால் படிக்க முடியாத எழுத்து யாருக்கும் குறுக்கே நிற்காது. அதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

பத்துப் பேரிடம் செய்து, எண்களைக் குறித்து, சராசரி கண்டு, ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கேட்டேன், எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது, எதில் எனக்கே சந்தேகம். உளவியல் ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் எலும்புக்கூடு இதுதான். மறுபடியும், இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றினால் இந்தத் துறை உங்களுக்கானது. முதல் மூன்று பேரோடு அலுத்துவிட்டால் அதையும் மதியுங்கள். சமூகப்பணி, இலக்கியம், கல்வியியல், மருத்துவம் என்று மனிதர்களைப் புரிந்துகொள்ள வேறு வாசல்களும் உண்டு.

தொடங்குவதற்கு முன் அவர்களிடம் சம்மதம் கேளுங்கள். பெயரை எழுதாதீர்கள். நடுவில் எழுந்து போக விரும்பினால் விட்டுவிடுங்கள். வீட்டு விளையாட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். 1920இல் ஜான் வாட்சன் ஒரு கைக்குழந்தைக்கு வேண்டுமென்றே பயத்தைப் பழக்கினார். ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாகப் பங்கேற்றவர்கள் நம்பினார்கள். ஆணைக்குக் கட்டுப்பட்டு 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அதிர்ச்சி பொய், ஆனால் அவர்கள் பட்ட வேதனை மெய். இன்று பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மாணவர் ஆய்வுகூட நடப்பதில்லை.

மூன்றாம் படி: சந்தேகப்படப் பழகுங்கள்

செய்தித்தாளில் ஒரு தலைப்பைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்: ‘செல்பேசியை அதிகம் பார்க்கும் சிறுவர்களுக்கு மனச்சோர்வு அதிகம்.’ படித்ததும் பெற்றோர் செல்பேசியைப் பிடுங்கி வைப்பார்கள். உளவியல் மாணவர் வேறு விதமாக யோசிக்க வேண்டும். செல்பேசியால் சோர்வு வந்ததா, சோர்ந்திருப்பதால் செல்பேசியில் முகம் புதைத்தார்களா? தூக்கமின்மையோ தனிமையோ இரண்டுக்கும் அடியில் இருக்கிறதா? ‘அதிகம்’ என்பதை எப்படி அளந்தார்கள்? சிறுவர்களையே கேட்டார்களா, கருவியில் பதிவான நேரத்தை எடுத்தார்களா? எத்தனை பேரிடம்? வாரம் ஒரு செய்தியை எடுத்து இந்தக் கேள்விகளைக் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.

கேள்வி கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும் என்பதற்கு 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் செய்த ஆய்வு நல்ல உதாரணம். கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களில் சிலரிடம், கார்கள் ஒன்றையொன்று ‘இடித்தபோது’ என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். வேறு சிலரிடம், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே காட்சி, ஆனால் நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் கூடுதல் வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது ‘ஆம்’ என்றவர்களும் அவர்களில்தான் அதிகம். காட்சியில் உடைந்த கண்ணாடியே கிடையாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்ற விவாதம் இதுபோன்ற ஆய்வுகளால் மாறியது.

துறை தன்னைத்தானே சந்தேகப்படவும் செய்கிறது. முன்னணி ஆய்விதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவு 2015இல் வெளியானது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைச் சொல்லியிருந்தன. மறுமுறை செய்தபோது 36 விழுக்காட்டில்தான் அப்படிப்பட்ட முடிவு கிடைத்தது. துறைக்கே இது தலைகுனிவு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்து ஊரறியச் சொல்லும் துறைகள் அதிகமில்லை.

புள்ளியியல் என்றதும் அஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பள்ளிக் கணக்கில் சராசரி, விகிதம், நிகழ்தகவு, வரைபடம் வாசித்தல் ஆகியவை தெரிந்தால் தொடங்கிவிடலாம். கணக்கை மென்பொருள் போட்டுக்கொள்ளும். எந்தக் கணக்கைப் போடுவது, வந்த விடை எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருப்பதுதான் உங்கள் வேலை. அட்டவணை மென்பொருள் ஒன்றில் எண்களை இட்டுப் பழகுவதை இப்போதே தொடங்குங்கள்.

நான்காம் படி: கிளைகளை அவற்றின் வேலையைக் கொண்டு அறியுங்கள்

கிளைகளின் பெயர்களைப் பட்டியலிட்டால் மயக்கம்தான் வரும். அந்த வேலையில் இருப்பவர் நாள் முழுவதும் என்ன செய்கிறார் என்று பார்த்தால் தெளிவு வரும்.

மருத்துவ உளவியல். மாணவர்களில் பெரும்பாலானோர் மனதில் வைத்திருப்பது இதைத்தான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்து, அதன்மேல் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதிக்கொடுப்பார். மருத்துவ உளவியலாளர் உளவியல் படித்து வந்தவர். சோதனைகள் மூலம் மதிப்பீடு செய்வதும் பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பதும் அவர் வேலை, மருந்து பொதுவாக அவர் கையில் இல்லை. உளவள ஆலோசகர் பெரும்பாலும் இழப்பு, திருமணச் சிக்கல், படிப்பு, வேலை நெருக்கடி போன்றவற்றில் துணைநிற்பவர். இந்த எல்லைக்கோடுகள் நாட்டுக்கு நாடு சற்று நகரும்.

நண்பர்களின் கஷ்டத்தைக் கேட்பதும் சிகிச்சை அளிப்பதும் ஒன்றல்ல. நண்பரிடம் "அவனை விட்டுவிடு" என்று சொல்லலாம், இரவு இரண்டு மணிவரை பேசலாம், உங்கள் கதையையும் நடுவில் சொல்லலாம். சிகிச்சை அறையில் இவை மூன்றுக்கும் இடமில்லை. ஓர் அமர்வு வழக்கமாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். நேரம் முடிந்தால் முடிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் அப்போதுதான் முக்கியமான ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருந்தாலும். (அது கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வெளியே வரும்.) பிறகு குறிப்பெழுத வேண்டும். சோதனைகளுக்கு மதிப்பெண் போட்டு அறிக்கை தயாரிக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு வாரமும் மூத்தவர் ஒருவரிடம் உங்கள் வேலையை விரித்துச் சொல்லி, திருத்தம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆரன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல் சிகிச்சையிலிருந்து வளர்ந்த முறைகளில், வந்தவருக்கு வீட்டுப்பாடம்கூட உண்டு. மனம் தளர்ந்த கணத்தில் ஓடிய எண்ணத்தை எழுதிவைத்து, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன ஆதாரம் என்று பார்க்க வேண்டும். பல வாரம் எந்த மாற்றமும் தெரியாது. சிலர் பாதியில் வராமல் நின்றுவிடுவார்கள், ஏன் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதைத் தாங்கும் மனம் வேண்டும்.

நரம்பு உளவியல். வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவருக்குப் புதிய நினைவுகள் தங்காமல் போயின. பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்துகொண்டே போனது. ஆனால் ஒவ்வொரு நாளும் அதை முதல்முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். கைக்கு ஒரு நினைவு, சம்பவங்களுக்கு ஒரு நினைவு என்று மூளை தனித்தனியாக வைத்திருப்பது தெரியவந்தது. இன்று இந்தக் கிளையில் இருப்பவர்கள் பக்கவாதம், தலைக்காயம், மறதி நோய் ஆகியவற்றுக்குப் பிறகு ஒருவரிடம் எந்தத் திறன் மிஞ்சியிருக்கிறது, எதை மீட்கலாம் என்று மணிக்கணக்கில் சோதித்துப் பார்க்கிறார்கள். மருத்துவமனைச் சூழல், உடற்கூறு, பொறுமை மூன்றும் பிடித்தவர்களுக்கு ஏற்றது.

பொறியியல் உளவியல். மாணவர்கள் கேள்விப்பட்டிராத, ஆனால் எனக்கு மிகப் பிடித்த கிளை. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கியபின் விமானிகள் தவறுதலாகச் சக்கரங்களை உள்ளே இழுத்துவிட, விமானம் வயிற்றால் தரையில் உரசியது. விமானிகளின் கவனக்குறைவு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் பார்த்தார். சக்கரத்துக்கான விசையும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் மடிப்புப் பலகைக்கான விசையும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. ஒன்றின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினால், தொட்டாலே எது எதுவென்று தெரிந்துவிடும். மனிதரைத் திருத்துவதற்கு முன் கருவியைத் திருத்து என்ற இந்த அணுகுமுறை இன்று மருத்துவக் கருவிகள், வாகனங்கள், செயலிகள் என்று எல்லா இடத்திலும் தேவைப்படுகிறது. மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு என்ற பெயரில் நடக்கும் வேலை இதன் உறவுதான். வடிவமைப்பும் கணினியும் பிடித்த மாணவர் இதைத் தவறவிடக்கூடாது.

கல்வி, பள்ளி உளவியல். 1905இல் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் பிரான்சில் உருவாக்கிய அறிவுத்திறன் சோதனை, வகுப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதற்காகப் பிறந்தது. அதற்கும் முன், 1896இல் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதல் உளவியல் மருத்துவ மையத்தைத் தொடங்கியபோது, வந்த முதல் சிறுவனின் சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான் இருந்தது. இன்றும் வேலை அதே திசையில்தான் போகிறது: கற்றல் குறைபாட்டை மதிப்பிடுவது, ஆசிரியரோடும் பெற்றோரோடும் திட்டம் வகுப்பது. குழந்தையைவிடப் பெரியவர்களோடு பேசும் நேரம் அதிகமாக இருக்கும்.

நிறுவன உளவியல். ஆட்களைத் தேர்வு செய்வது, பயிற்சி, பணிச்சூழல், பணி அழுத்தம் ஆகியவை இதில் அடங்கும். மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலைவிட, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் முறை என்று நடத்தும் நேர்காணல் நல்ல ஊழியரைக் கூடுதல் துல்லியத்தோடு இனங்காணும் என்பது இந்தக் கிளை உறுதியாகக் காட்டிய விஷயங்களில் ஒன்று. ஒரே பார்வையில் ஆளை எடைபோட்டுவிடுவேன் என்று நம்பும் மேலாளர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை. முதுகலையோடு வேலைக்குப் போக வாய்ப்புள்ள கிளைகளில் இது முக்கியமானது.

தடயவியல் உளவியல். தொடர்களில் வருவதுபோல் கொலைகாரனின் முகவரியை மனக்கண்ணால் கண்டுபிடிக்கும் வேலை அநேகமாக இல்லவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வழக்கு விசாரணையைப் புரிந்துகொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா என்று மதிப்பிடுவது, சிறைவாசிகளோடு வேலை செய்வது, நீண்ட அறிக்கை எழுதுவது, அதை வழக்கறிஞர் வரிக்கு வரி குறுக்கு விசாரணை செய்யும்போது நிதானம் இழக்காமல் பதில் சொல்வது. இவைதான் அன்றாடம்.

விளையாட்டு உளவியல் கவர்ச்சியானது, முழுநேர இடங்கள் குறைவு. சந்தை ஆய்வு, பொதுச் சுகாதாரப் பரப்புரை, அரசுக் கொள்கை வடிவமைப்பு ஆகியவற்றிலும் உளவியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு. மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த டேனியல் கானெமன் 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற உளவியலாளர். ஆய்வும் ஆசிரியப் பணியும் விரும்புகிறவர்களுக்கு முனைவர் பட்டம் தேவை. நிரந்தர இடம் கிடைக்க நெடுநாள் ஆகலாம் என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

ஐந்தாம் படி: வேலையில் இருப்பவர்களைச் சந்தியுங்கள்

இரண்டு மூன்று கிளைகள் மனதில் தங்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒருவரைத் தேடி, அரைமணி நேரம் மட்டும் கேளுங்கள். "உளவியலுக்கு எதிர்காலம் எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எத்தனை பேரைப் பார்த்தார், எத்தனை மணி நேரம் எழுதினார், யாரிடம் திட்டு வாங்கினார் என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். வேலையில் எது மிகவும் அலுப்பூட்டுகிறது என்றும் கேளுங்கள். அந்த அலுப்பை உங்களால் பொறுக்க முடியும் என்று தோன்றினால் அந்தக் கிளையை வைத்துக்கொள்ளலாம். சிகிச்சை அமர்வில் உடனிருக்க அனுமதி கேட்காதீர்கள். எந்த நல்ல உளவியலாளரும் தரமாட்டார், தரவும் கூடாது. முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் தன்னார்வலராகச் சேர்ந்தால் மனிதர்களோடு வேலை செய்வது எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: உங்களைப் பற்றியும் யோசியுங்கள்

சொந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள வருகிறவர்களைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அந்த அனுபவம் பிறரை உணர்ந்துகொள்ள உதவக்கூடும். ஆனால் இப்போதே தூக்கமில்லாமல், படிப்பில் மனம் ஒட்டாமல், வாழ்க்கையே சுமையாக இருந்தால், பட்டம் வாங்கி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். உதவி பெற்றவர் என்பதற்காக இந்தத் துறையில் யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. மனநோய்களைப் பற்றிய பாடம் தொடங்கியதும், ஒவ்வோர் அத்தியாயத்திலும் உங்களையே காண்பீர்கள். அடுத்து அப்பாவை, பிறகு அறைத்தோழியை. பல மாணவர்களுக்கும் நேர்வதுதான், பொதுவாகப் போகப் போகத் தணியும். அதுவரை யாருக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டாமல் இருங்கள். ‘அவளுக்கு இருதுருவக் கோளாறு’ என்று மாணவர் விளையாட்டாகச் சொன்னதும் அந்தப் பெண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் படி: படிப்பைப் பின்னாலிருந்து திட்டமிடுங்கள்

பலரும் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, பிறகு வேலையைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எந்த வேலை, எந்த நாட்டில் என்று முதலில் தோராயமாக முடிவு செய்யுங்கள். அந்த நாட்டில் அந்த வேலைக்குச் சட்டம் என்ன தகுதியைக் கேட்கிறது, பதிவு செய்யும் அமைப்பு எது என்று பாருங்கள். அந்த அமைப்பு ஏற்கும் முதுகலை அல்லது முனைவர் படிப்புகள் எவை, அவற்றில் சேர எந்த இளங்கலை வேண்டும் என்று படிப்படியாகப் பின்னோக்கி வாருங்கள். விதிகள் இடத்துக்கு இடம் மிகவும் மாறும். பிரிட்டனில் ‘மருத்துவ உளவியலாளர்’ என்ற பட்டப்பெயரைப் பதிவு இல்லாமல் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம், வெறும் ‘உளவியலாளர்’ என்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இப்படிப்பட்ட நுணுக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

இளங்கலைப் பட்டம் மட்டும் யாருக்கும் சிகிச்சை அளிக்கும் தகுதியைத் தந்துவிடாது. மருத்துவ உளவியலாளராகத் தனித்து இயங்க, பள்ளி முடித்ததிலிருந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆவது சாதாரணம், சில நாடுகளில் அதற்கு மேலும் ஆகும். வீட்டில் இந்தக் கணக்கை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. இளங்கலையோடு நிறுத்துகிறவர்களுக்கு மனிதவளம், ஆய்வு உதவி, சந்தை ஆய்வு, சமூக நலப் பணி ஆகியவற்றில் தொடக்க நிலை வேலைகள் உண்டு. சட்டம், மேலாண்மை, சமூகப்பணி என்று மேற்படிப்பை மாற்றிக்கொள்ளவும் இந்த அடித்தளம் உதவும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

– ஆய்வுமுறைக்கும் புள்ளியியலுக்கும் எத்தனை தாள்கள்? மாணவர் தானே தரவு திரட்டிச் செய்யும் ஆய்வு உண்டா?
– முதுகலை என்றால், களப்பயிற்சி எத்தனை மணி நேரம், எங்கே, யார் மேற்பார்வை? மேற்பார்வையாளர் பதிவு பெற்றவரா?
– பதிவு அமைப்பு இந்தப் படிப்பை ஏற்கிறதா? எழுத்தில் காட்ட முடியுமா?
– வகுப்பில் பயன்படுத்தும் சோதனைகள் எந்த மக்களிடம், எந்த மொழியில் தரப்படுத்தப்பட்டவை?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்களை அளவுகோலாக வைத்து, தமிழில் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளையை மதிப்பிட்டால், குறை பிள்ளையிடமா சோதனையிலா என்று சொல்ல முடியாது. இதைப் பற்றிக் கவலைப்படும் ஆசிரியர் இருக்கும் துறையில் சேருங்கள், மற்றது எல்லாம் பிறகு.

வார இறுதியில் நடக்கும் சான்றிதழ் வகுப்புகளுக்கு ஒரு பயன் உண்டு, ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்கலாம். ‘மூன்றே மாதத்தில் ஆலோசகராகலாம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், அந்தச் சான்றிதழைப் பதிவு அமைப்பு ஏற்கிறதா என்ற கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். பதில் தாமதமானால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

பதிவு அமைப்பின் விதிகள் இருக்கும் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். நீங்கள் படித்து முடிப்பதற்குள் அவை மாறியிருக்க வாய்ப்புண்டு. அந்த மாற்றம் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பொருந்துமா என்பதைத் துறைத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு இருந்துவிடாமல், அந்த அமைப்புக்கே எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.